ஓர் எலிமென்ட் எங்கே இருக்கிறது? எல்லா உலாவியிலும் ஒரே விடை வாங்கும் வழி

ஒரு பட்டனைத் தொட்டால் அதன் அடியை ஒட்டி ஒரு குறிப்புப் பெட்டி திறக்க வேண்டும். எழுதிப் பார்த்த உலாவியில் அது கச்சிதமாக நிற்கிறது. வேறொரு உலாவியில் சில பிக்சல் விலகுகிறது. பக்கத்தைக் கொஞ்சம் ஸ்க்ரோல் செய்துவிட்டுத் தொட்டால் பெட்டி கண்ணுக்கே எட்டாத இடத்தில் திறக்கிறது. இதைப் பார்த்ததும் பலர் செய்வது, கணக்கில் ஒரு 10ஐக் கூட்டுவது, இன்னோர் இடத்தில் 8ஐக் கழிப்பது. அப்படிச் சேர்த்த எண் அடுத்த வடிவமைப்பு மாற்றத்தில் உடையும். ஏனென்றால் தவறு பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இருப்பதில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்த எண்களை ஒரே கணக்கில் போட்டதுதான் தவறு.

240 பிக்சல் என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருள் கிடையாது. எதிலிருந்து 240 என்பதும் சேர்ந்தால்தான் அது ஓர் இடம். இந்தத் தொடக்கப் புள்ளியை ஒவ்வொரு எண்ணுக்கும் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை பூஜ்யங்கள்

முதல் பூஜ்யம், உலாவிச் சாளரத்தில் பக்கம் தெரிகிற பகுதியின் இடது மேல் மூலை. இதை வியூபோர்ட் என்கிறோம். ஸ்க்ரோல் செய்தால் பக்கம்தான் நகரும், இந்த மூலை நகராது. இரண்டாவது, பக்கத்தின் தலை, அதாவது முழு ஆவணத்தின் இடது மேல் மூலை. ஸ்க்ரோல் செய்யச் செய்ய இது மேலே ஏறிக் கண்ணுக்கு மறைந்துவிடும். மூன்றாவது, ஓர் எலிமென்ட்டைச் (பட்டன், படம், பெட்டி போன்ற பக்க உறுப்பை) சுற்றியிருக்கும், பொசிஷன் (ரிலேட்டிவ், அப்சல்யூட் போன்றது) கொடுக்கப்பட்ட மூதாதை எலிமென்ட். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பொசிஷன் அப்சல்யூட் என்று எழுதி டாப், லெஃப்ட் கொடுக்கும்போது அளவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மூதாதையின் பார்டருக்கு, அதாவது விளிம்புக் கோட்டுக்கு, வெளியேயிருந்து அளப்பதில்லை. பார்டர் முடிந்து பேடிங் (உள் இடைவெளி) தொடங்கும் கோட்டிலிருந்து அளக்கிறார்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பயன்படுத்துவோம். பக்கம் 500 பிக்சல் ஸ்க்ரோல் ஆகியிருக்கிறது. ஒரு பெட்டியின் வெளி விளிம்பு பக்கத்தின் தலையிலிருந்து 600 பிக்சல் கீழே இருக்கிறது. அதற்கு 10 பிக்சல் பார்டர், பொசிஷன் ரிலேட்டிவ். அதற்குள் 40 பிக்சல் உயரமுள்ள ஒரு பட்டன், பக்கத்தின் தலையிலிருந்து 700 பிக்சலில். அப்படியானால் அதே பட்டன் வியூபோர்ட்டிலிருந்து 200, பக்கத்திலிருந்து 700, பெட்டியின் பேடிங் கோட்டிலிருந்து 90. மூன்றும் சரியான விடைகளே. ஒன்றோடொன்று கலந்தால்தான் பிழை.

பழைய வழி ஏன் கசிகிறது

ஆஃப்செட்லெஃப்ட், ஆஃப்செட்டாப் (எலிமென்ட்டின் இடது, மேல் தூரம்), ஆஃப்செட்பேரன்ட் (அந்தத் தூரம் எதிலிருந்து அளக்கப்படுகிறதோ அந்த மூதாதை) ஆகிய பண்புகள் 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 காலத்தவை. இன்றும் பல பழைய பயிற்சிப் பாடங்களில் ஒரு சுற்றுக் கணக்கைப் பார்க்கலாம். எலிமென்ட்டின் ஆஃப்செட்டாப்பை எடு, அதன் ஆஃப்செட்பேரன்ட்டுக்குப் போ, அதன் ஆஃப்செட்டாப்பையும் கூட்டு, மேலே யாரும் இல்லாத வரை இதையே செய். கிடைப்பது பக்கத்தின் தலையிலிருந்து உள்ள தூரம் என்பது எதிர்பார்ப்பு.

நம் உதாரணத்தில் போட்டுப் பாருங்கள். பட்டனுக்கு 90, பெட்டிக்கு 600, கூட்டினால் 690. உண்மையான விடை 700. காணாமல் போன 10 பெட்டியின் பார்டர். பட்டனின் 90 பார்டருக்கு உட்புறத்திலிருந்து அளந்தது, பெட்டியின் 600 பார்டருக்கு வெளிப்புறம்வரை அளந்தது, நடுவில் இருந்த பார்டரை யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு படியிலும் அந்த மூதாதையின் கிளையன்ட்டாப்பை, அதாவது மேல் பார்டரின் தடிமனை, சேர்த்தால்தான் கணக்கு சரியாகும்.

ஸ்க்ரோல் இன்னொரு ஓட்டை. பெட்டிக்கே ஓவர்ஃப்ளோ ஆட்டோ (உள்ளடக்கம் நிரம்பி வழிந்தால் பெட்டிக்குள்ளேயே ஸ்க்ரோல் ஆகும் முறை) கொடுத்து, அதற்குள் 40 பிக்சல் ஸ்க்ரோல் ஆகியிருந்தால் பட்டன் கண்ணெதிரே 40 பிக்சல் மேலே போயிருக்கும். ஆஃப்செட்டாப் அப்போதும் 90 என்றே சொல்லும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரோல் பெட்டியின் ஸ்க்ரோல்டாப்பையும், அதாவது அதற்குள் ஸ்க்ரோல் ஆன அளவையும், கழித்தாக வேண்டும். அந்தப் பெட்டிகள் ஆஃப்செட்பேரன்ட் சங்கிலியில் வராமலும் இருக்கலாம் என்பதால் டாம் மரத்தில் (எலிமென்ட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்பில்) ஒவ்வொரு பெற்றோராக ஏற வேண்டியிருக்கும்.

அதோடும் முடியவில்லை. பொசிஷன் ஃபிக்ஸட் எலிமென்ட்டின் ஆஃப்செட்பேரன்ட் பொதுவாக வெறுமை, அதாவது நல். டிஸ்ப்ளே நன் என்று மறைத்து வைத்ததற்கும் அப்படியே. டேபிளும் அதன் அறைகளான டிடி, டிஎச் ஆகியவையும் பொசிஷன் எதுவும் கொடுக்காமலே ஆஃப்செட்பேரன்ட் ஆகிவிடும். எஸ்விஜி உருவங்களில் இந்தப் பண்புகளே இல்லை. டிரான்ஸ்ஃபார்மால் நகர்த்தினாலும் சுழற்றினாலும் ஆஃப்செட் எண்கள் அசையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவை முழு எண்களாக வட்டமிடப்பட்டே வருகின்றன. 5 படி ஏறினால் 5 வட்டமிடல் பிழைகள் சேரும்.

இவற்றையெல்லாம் உலாவிகள் ஒருகாலத்தில் ஆளுக்கொரு விதமாகச் செய்தன. ஜெக்வெரி என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 1.4 பதிப்பு, பழைய உலாவிகளில், பக்கத்தில் ஒரு சோதனைப் பெட்டியைப் போட்டு, அதை அளந்து, இந்த உலாவி பார்டரைச் சேர்க்கிறதா, டேபிள் அறைகளுக்கு மட்டும் சேர்க்கிறதா, ஓவர்ஃப்ளோ இருந்தால் கழிக்கிறதா என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் விடை சொன்னது. ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு படவேண்டியிருந்தது. இன்று புதிதாகக் கற்பவர் இந்த வழியில் போக ஒரு காரணமும் இல்லை.

ரெக்ட் என்னும் ஒரே அளவுகோல்

கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் என்ற நீளமான பெயருள்ள செயற்கூறை இனி ரெக்ட் என்றே சுருக்கி அழைப்போம். இது 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் பிறந்தது. 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 இதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் சிஎஸ்எஸ்ஓஎம் வியூ வரைவிலும் இடம்பெற்றது. இன்று புழக்கத்தில் உள்ள எல்லா உலாவியிலும் இது உண்டு.

எந்த எலிமென்ட்டைக் கொடுத்தாலும், வியூபோர்ட்டின் மூலையிலிருந்து அது எங்கே தெரிகிறது என்று சொல்லும். நடுவில் எத்தனை பார்டர், எத்தனை ஸ்க்ரோல், என்ன டிரான்ஸ்ஃபார்ம் என்பதையெல்லாம் உலாவியே சேர்த்துவிடும். பின்னங்களோடு தரும். லெஃப்ட், டாப், ரைட், பாட்டம், வித் (அகலம்), ஹைட் (உயரம்) ஆகிய ஆறும் கிடைக்கும். இதில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ரைட்டும் பாட்டமும். சிஎஸ்எஸ்ஸில் ரைட் 20 என்றால் வலது ஓரத்திலிருந்து 20. ரெக்டில் ரைட் என்பது இடது ஓரத்திலிருந்தே அளந்த தூரம், அதாவது லெஃப்டோடு அகலத்தைக் கூட்டியது. ரெக்டின் ரைட்டை அப்படியே சிஎஸ்எஸ் ரைட்டுக்குக் கொடுத்தால் பெட்டி எதிர்ப்பக்கம் ஓடிவிடும்.

பக்கத்தின் தலையிலிருந்து தூரம் வேண்டுமென்றால் ரெக்டின் டாப்போடு விண்டோவின் பேஜ்ஒய்ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். ஸ்க்ரோல்ஒய் என்பதும் அதே எண்தான், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் அந்தப் பெயர் கிடையாது. நம் பட்டனுக்கு 200, அதோடு 500, ஆக 700. ஸ்க்ரோல் அளவை பாடி எலிமென்ட்டின் ஸ்க்ரோல்டாப்பிலிருந்து எடுக்கும் பழைய நிரல்களை நம்ப வேண்டாம். கோப்பின் முதல் வரியான டாக்டைப் சரியாக உள்ள பக்கங்களில் அந்த எண் எச்டிஎம்எல் வேர் எலிமென்ட்டில் இருக்க வேண்டும் என்பது தரவிதி. வெப்கிட் குடும்பம் (சஃபாரி, குரோம் போன்றவை) நீண்ட நாள் அதைப் பாடியிலேயே வைத்திருந்தது. குரோம் 2017இல், 61ஆம் பதிப்பில்தான் மாறியது. எது என்று தெரிந்தாக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டின் ஸ்க்ரோலிங்எலிமென்ட்டைக் கேளுங்கள், அதுவே சரியானதைத் தரும்.

டாக்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த முதல் வரி விடுபட்டால் உலாவி, பழைய பக்கங்களுக்கான குவர்க்ஸ் முறைக்குப் போய்விடும். அந்த முறையில் ஸ்க்ரோல் எண் பாடிக்கு இடம் மாறும், வேறு பல அளவுகளும் மாறும். இடக் கணக்கில் எதைத் திருத்துவதற்கு முன்பும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கழித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: தனி ரெக்ட் எண்ணை நேரடியாகப் பயன்படுத்தாமல், ஒரே நொடியில் எடுத்த இரண்டு ரெக்டுகளின் வித்தியாசத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டும் ஒரே பூஜ்யத்திலிருந்து அளந்தவை. எனவே அந்தப் பூஜ்யம் எங்கே இருந்தாலும் கழிக்கும்போது அது ஒழிந்துவிடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வரை ரெக்ட் எண்களில் சாளர ஓரத்துக்காக 2 பிக்சல் கூடுதலாக வரும் பிழை இருந்தது. கழித்துக் கணக்குப் போட்டவர்களை அந்த 2 தொட்டதே இல்லை, இரண்டு பக்கமும் 2 இருந்ததால் அது அடிபட்டுப் போனது.

குறிப்புப் பெட்டியைப் பட்டனுக்கு அடியில் வைக்கும் கணக்கு இப்படி வரும்:

டாப் = பட்டன் ரெக்டின் பாட்டம் − பெட்டி ரெக்டின் டாப் − பெட்டியின் கிளையன்ட்டாப் + பெட்டியின் ஸ்க்ரோல்டாப்

இங்கே பெட்டி என்பது குறிப்புப் பெட்டியின் பொசிஷன் உள்ள மூதாதை. கிளையன்ட்டாப்பைக் கழிப்பது பார்டருக்காக. ஸ்க்ரோல்டாப்பைக் கூட்டுவது, அப்சல்யூட் எலிமென்ட்டும் பெட்டியின் உள்ளடக்கத்தோடு சேர்ந்தே ஸ்க்ரோல் ஆகும் என்பதற்காக. எண்களைப் போடுவோம். பட்டனின் பாட்டம் 240, பெட்டியின் டாப் 100, பார்டர் 10, ஸ்க்ரோல் 0. விடை 130. பேடிங் கோட்டிலிருந்து பட்டன் 90, அதன் உயரம் 40, ஆகவே 130 சரி. இப்போது பெட்டிக்குள் 40 பிக்சல் ஸ்க்ரோல் செய்யுங்கள். பட்டனின் பாட்டம் 200 ஆகும். 200 − 100 − 10 + 40, மறுபடியும் 130. ஸ்க்ரோல் ஆனாலும் விடை மாறாமல் நிற்பதே கணக்கு சரியானது என்பதற்கு அடையாளம். லெஃப்டுக்கும் இதே சூத்திரம்தான், டாப் உள்ள இடங்களில் லெஃப்ட் வரும்.

பொசிஷன் உள்ள மூதாதை யாருமே இல்லையென்றால் பக்கத்தின் தலையே பூஜ்யம். அப்போது பட்டன் ரெக்டின் பாட்டத்தோடு பேஜ்ஒய்ஆஃப்செட்டைக் கூட்டினால் போதும்.

பெட்டியை ஸ்கேல் 2 என்று டிரான்ஸ்ஃபார்மால் பெரிதாக்கியிருந்தால் ஒரு திருத்தம் தேவை. ரெக்ட் கண்ணில் தெரியும் அளவைச் சொல்கிறது, டாப் பண்போ பெரிதாக்குவதற்கு முந்தைய அளவில் பேசுகிறது. பெட்டி ரெக்டின் அகலத்தை அதன் ஆஃப்செட்வித்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். ரெக்டுகளின் வித்தியாசத்தை அந்த மடங்கால் வகுத்த பிறகு பார்டரைக் கழித்து ஸ்க்ரோலைக் கூட்டுங்கள். சுழற்சி இருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது. 100க்கு 100 பெட்டியை 45 பாகை திருப்பினால் ரெக்டின் அகலம் 141.42 என்று வரும். சாய்ந்த பெட்டியைச் சுற்றி நேராக வரைந்த சதுரத்தைத்தான் அது அளக்கிறது.

மவுஸ் புள்ளிக்கும் கழித்தலே வழி. நிகழ்வின் கிளையன்ட்எக்ஸ் வியூபோர்ட்டிலிருந்து அளந்தது, எனவே அதிலிருந்து ரெக்டின் லெஃப்டைக் கழிக்கலாம். பேஜ்எக்ஸ் பக்கத்தின் தலையிலிருந்து அளந்தது. அதிலிருந்து ரெக்டைக் கழித்தால் ஸ்க்ரோல் ஆன அளவு பிழை வரும். ஸ்க்ரோல் இல்லாதபோது இரண்டும் ஒரே விடை தருவதால் இந்தப் பிழை சோதனையில் தப்பித்து, பயனர் கையில்தான் வெளிப்படும். கேன்வாஸில் வரைபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கேன்வாஸின் உள் அகலம் 600, திரையில் அது 300 ஆகச் சுருங்கித் தெரிகிறது என்றால், கழித்து வந்த எண்ணை 600க்கு 300 என்ற விகிதத்தால், அதாவது 2ஆல், பெருக்க வேண்டும்.

பின்னங்கள்

100 பிக்சலை மூன்றாகப் பிரித்தால் குரோமில் 33.328125 என்றும் ஃபயர்ஃபாக்ஸில் 33.3333 என்றும் வருவதைப் பார்க்கலாம். யாரும் தவறு செய்யவில்லை. குரோம் உள்ளுக்குள் ஒரு பிக்சலை 64 பங்காகவும் ஃபயர்ஃபாக்ஸ் 60 பங்காகவும் பிரித்து வைத்திருக்கின்றன. 64 மூன்றால் மீதியில்லாமல் வகுபடாது, 60 வகுபடும். ஆகையால் இரண்டு இடங்கள் சமமா என்று ஒருபோதும் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். வித்தியாசம் 1 பிக்சலுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலின் அடிவரை ஸ்க்ரோல் ஆகிவிட்டதா என்று சோதிக்கும் நிரல்கள் சில கணினிகளில் மட்டும் வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

வட்டமிடுவதானால் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள், அதையும் விளிம்புகளுக்குச் செய்யுங்கள். லெஃப்ட் 10.4, அகலம் 20.4 என்றால் ரைட் 30.8. லெஃப்டையும் அகலத்தையும் தனித்தனியே வட்டமிட்டால் 10, 20, ஆக வலது விளிம்பு 30. விளிம்பையே வட்டமிட்டால் 31. அடுத்தடுத்த பெட்டிகளுக்கு நடுவே தெரியும் மெல்லிய கோடு இந்த 1 பிக்சல்தான்.

எப்போது அளப்பது

சரியான சூத்திரமும் தவறான நேரத்தில் தவறான விடை தரும். அகலமும் உயரமும் குறிக்காத படம் இறங்கும்வரை பெரும்பாலும் இடமே பிடிக்காது, இறங்கியதும் கீழே உள்ள எல்லாவற்றையும் தள்ளிவிடும். எழுத்துரு தாமதமாக வந்தால் வரிகளின் நீளம் மாறும், வரி மடிப்பு மாறும், உயரமும் மாறும். வேகமான இணைப்பில் சோதித்தவருக்கு இது தெரியாமலே போகும். படங்களுக்கு அளவைக் குறித்துவிடுங்கள். எழுத்துருக்களுக்கு டாக்குமென்ட்டின் ஃபான்ட்ஸ் ரெடி என்ற வாக்குறுதி (பிராமிஸ்) நிறைவேறும்வரை காத்திருங்கள். அளவு மாறினால் மறுபடி கணக்கிட ரீசைஸ்அப்சர்வரை வையுங்கள். குறிப்புப் பெட்டி திறந்திருக்கும்போது இடையிலுள்ள ஸ்க்ரோல் பெட்டி நகர்ந்தாலும் மறுபடி கணக்கிட வேண்டும். ஸ்க்ரோல் நிகழ்வு எலிமென்ட்டுகளில் மேலெழும்பாது என்பதால், நிகழ்வை மேலிருந்து கீழே வரும்போதே பிடிக்கும் கேப்சர் முறையில் கேளுங்கள்.

ரெக்ட் கேட்கும்போது ஏதேனும் மாற்றம் நிலுவையில் இருந்தால், உலாவி உடனே முழு அமைப்பையும் கணக்கிட்டாக வேண்டும். 100 எலிமென்ட்டுக்கு அள, மாற்று, அள, மாற்று என்று எழுதினால் 100 முறை கணக்கு நடக்கும், பக்கம் திணறும். முதலில் எல்லாவற்றையும் அளந்துவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினால் ஒரு முறையே போதும்.

எல்லாம் பூஜ்யமாக வருகிறதா? அந்த எலிமென்ட் டிஸ்ப்ளே நன்னில் இருக்கிறது, அல்லது டிஸ்ப்ளே கன்டென்ட்ஸ் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது அது இன்னும் பக்கத்தில் சேரவே இல்லை. தெரியாமலும் இருக்க வேண்டும், அளக்கவும் வேண்டும் என்றால் விசிபிலிட்டி ஹிடன் கொடுத்து அளங்கள்.

இரண்டு வரிகளில் மடிந்த இணைப்புச் சொல்லுக்கு ரெக்ட் ஒரு பெரிய செவ்வகத்தைத் தரும், அதன் நடுப்புள்ளி இணைப்பின் மேலேயே இல்லாமல் போகலாம். கெட்கிளையன்ட்ரெக்ட்ஸ் வரிக்கு ஒரு செவ்வகம் தரும், முதல் வரியையோ கடைசி வரியையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள், அளந்தால் அந்த ஐஃப்ரேமின் மூலையே பூஜ்யம். வெளிப்பக்கத்தில் பயன்படுத்த ஐஃப்ரேமின் ரெக்டையும் அதன் பார்டரையும் பேடிங்கையும் கூட்ட வேண்டும்.

திரையின் வலது ஓரத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க விண்டோவின் இன்னர்வித்தை எடுக்காதீர்கள், அதில் ஸ்க்ரோல்பாரின் அகலமும் சேர்ந்திருக்கும். விண்டோஸில் பொதுவாக 15 முதல் 17 பிக்சல். மேக்கிலும் கைபேசியிலும் ஸ்க்ரோல்பார் உள்ளடக்கத்தின் மேல் மிதப்பதால் பெரும்பாலும் 0. வேர் எலிமென்ட்டின் கிளையன்ட்வித் எங்கும் சரியாக வரும். கைபேசியில் விசைப்பலகை திறக்கும்போது தெரியும் பகுதி மட்டும் சுருங்கி, அமைப்பு வியூபோர்ட் (பக்கம் அடுக்கப்படும் பரப்பு) அப்படியே இருக்கும். ஐஃபோன் சஃபாரி அப்படித்தான் செய்கிறது, ஆண்ட்ராய்டு குரோமும் 108ஆம் பதிப்பிலிருந்து அதையே செய்கிறது. விசைப்பலகைக்கு அடியில் பெட்டி மறையாமலிருக்க விஷுவல்வியூபோர்ட்டின் உயரத்தைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் பெட்டி தவறான இடத்தில் நின்றால், பிழை அளப்பதிலா வைப்பதிலா என்று முதலில் பிரித்தறியுங்கள். பட்டனின் ரெக்டை எடுத்து, அதே லெஃப்ட், டாப், வித், ஹைட் எண்களோடு ஒரு சிவப்புப் பெட்டியைப் பொசிஷன் ஃபிக்ஸட்டில் நேரடியாகப் பாடிக்குள் சேருங்கள். வேறெதற்குள்ளும் சேர்க்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மோ ஃபில்டரோ உள்ள மூதாதைக்குள் ஃபிக்ஸட் எலிமென்ட் வியூபோர்ட்டை விட்டுவிட்டு அந்த மூதாதையிலிருந்து அளக்கத் தொடங்கிவிடும். சிவப்புப் பெட்டி பட்டனை அச்சாக மூடினால் அளவு சரி, சூத்திரத்தில் தவறான மூதாதையை எடுத்திருக்கிறீர்கள். குறிப்புப் பெட்டியின் ஆஃப்செட்பேரன்ட் யார் என்று கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். மூடாமல் விலகி நின்றால் அளந்த நேரம் தவறு. விலகல் ஸ்க்ரோல் அளவுக்குச் சமமா, படத்தின் உயரத்துக்குச் சமமா, ஸ்க்ரோல்பாரின் அகலத்துக்குச் சமமா என்று பாருங்கள். அந்த எண்ணே எதை விட்டுவிட்டீர்கள் என்று காட்டிக்கொடுக்கும்.